செவ்வாய்க்காரர்கள் சத்தமில்லாமல் குழந்தைகளை மாற்றும் பழைய நாவல் எது? அதில் அறிவியல் உண்டா?

கேள்வி இதுதான்: “வேற்றுக்கிரகவாசிகள் படையெடுத்து வராமல், நமக்கே தெரியாமல் கருவிலிருக்கும் குழந்தைகளை மாற்றிவிடுவதாக ஒரு பழைய ஆங்கில நாவல் உண்டாமே. யார் எழுதியது? அதில் சொல்லும் அறிவியலில் உண்மை உண்டா? இன்று படிக்கலாமா?”

நீங்கள் தேடுவது எச்.ஜி. வெல்ஸ் எழுதிய ‘ஸ்டார் பிகாட்டன்’. 1937இல் லண்டனில் வெளிவந்தது. ஒரு கிராமத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே நாளில் கர்ப்பமாகும் கதையோடு சிலர் இதைக் குழப்பிக்கொள்வார்கள். அது ஜான் விண்டம் எழுதியது, இருபது வருடம் பிந்தியது. வெல்ஸின் நாவலில் ஊரும் மயங்குவதில்லை, குழந்தைகளின் கண்ணும் மின்னுவதில்லை. கண்ணால் பார்க்கிற மாதிரி எதுவுமே நடப்பதில்லை. இந்த நாவலை நான் விடாமல் சிபாரிசு செய்வதற்குக் காரணமே அதுதான்.

கதை இப்படித் தொடங்குகிறது. ஜோசப் டேவிஸ் என்று ஒரு எழுத்தாளர். மன்னர்கள், வீரர்கள், கொடிகள், போர்கள் என்று பழைய வரலாற்றைப் பளபளப்பாக எழுதிப் பேர் வாங்கியவர். மனித குலத்தின் மாபெரும் அணிவகுப்பைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார். ஆனால் உள்ளுக்குள் தான் எழுதுவதில் அவருக்கே நம்பிக்கை தளர்ந்து வருகிறது. மனைவி மேரி கர்ப்பமாக இருக்கிறாள். அமைதியானவள். அவர் பெருமையாகச் சொல்லும் எதற்கும் அவள் மயங்குவதில்லை. மறுத்துப் பேசுவதும் இல்லை, பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தப் பார்வை அவருக்குள் ஒரு முள்ளாக இருக்கிறது.

ஒரு நாள் ‘பிளானட்டேரியம் கிளப்’பில் நண்பர்கள் அரட்டை அடிக்கிறார்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைப் பற்றிப் பேச்சு வருகிறது. அந்தக் கதிர்கள் நம் உடம்புக்குள் புகுந்து மரபணுக்களைத் தட்டிவிடுமாமே என்கிறார் ஒருவர். இன்னொருவர் விளையாட்டாக, யாரோ குறிபார்த்து எய்கிறார்கள் என்றால் என்ன என்று கேட்கிறார். யார் எய்வது? செவ்வாய்க்காரர்கள்தான். அவர்களுடைய கிரகம் நம்முடையதைவிட முன்பே ஆறி, முன்பே மூத்தது. இங்கே வந்து குடியேற முடியாவிட்டால் என்ன, இருக்கிற இடத்திலிருந்தே நம் குழந்தைகளைத் தங்கள் பிள்ளைகளாக ஆக்கிக்கொள்ளலாமே! எல்லாரும் சிரிக்கிறார்கள். செவ்வாய்க்காரர்கள் படையெடுத்த அந்த நாவலை எழுதியது யார் என்று ஒருவர் யோசித்து, ஜூல் வெர்னோ, கோனன் டாயிலோ, அவர்களில் ஒருவர்தான் என்று சொல்லிவிடுகிறார். ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ என்ற அந்த நாவலை எழுதியவர் இதே வெல்ஸ்தான், 1898இல்.

மற்றவர்கள் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். டேவிஸ் மட்டும் அந்தப் பேச்சைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோகிறார். மேரியைப் பார்க்கிறார். இவள் ஏன் இப்படி இருக்கிறாள்? இவளுடைய அந்தத் தூரப் பார்வை எங்கிருந்து வந்தது? வயிற்றில் இருக்கிற குழந்தை யாருடையது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். டேவிஸுக்கு மனைவியின் மௌனமே சாட்சியாகிவிடுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன். ரகசியமாக மாற்றுகிறார்கள் என்ற சந்தேகத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. தடயம் கிடைத்தால் அது ஆதாரம். கிடைக்காவிட்டால், எவ்வளவு ரகசியமாகச் செய்கிறார்கள் பாருங்கள் என்று அதுவும் ஆதாரம். ஒரு பெண் அமைதியாக இருந்தாலும் சந்தேகம், கெட்டிக்காரியாக இருந்தாலும் சந்தேகம். டேவிஸ் அடுத்து பள்ளிக்கூடங்களுக்குப் போய், வித்தியாசமான குழந்தைகள் இருக்கிறார்களா என்று விசாரிக்கிறார். வித்தியாசமான குழந்தை இல்லாத பள்ளிக்கூடம் உலகத்தில் எங்கே இருக்கிறது? தேடியவருக்குத் தேடியதெல்லாம் கிடைக்கிறது.

பிரசவம் பார்க்கப்போகும் டாக்டர் ஹோல்ட்மன் ஸ்டெடிங்கிடம் டேவிஸ் இதைக் கொட்டுகிறார். முதல் குழந்தைக்குக் காத்திருக்கும் அப்பாவின் படபடப்பு என்றுதான் டாக்டர் நினைக்கிறார். ஆனால் டேவிஸ் போன பிறகு அந்த எண்ணம் டாக்டரை விடுவதாக இல்லை. அவர் அதைப் பேராசிரியர் எர்னஸ்ட் கெப்பல் என்ற நண்பரிடம் கொண்டுபோகிறார். கெப்பல் அதை எடுத்துக்கொண்டு தன் போக்கில் எங்கேயோ போய்விடுகிறார். டாக்டரின் அத்தியாயத்துக்கு வெல்ஸ் வைத்திருக்கும் தலைப்பில், அவருக்கு இந்த எண்ணம் ‘தொற்றிக்கொள்வதாக’ வருகிறது. நோய் தொற்றுவதற்குச் சொல்லும் அதே சொல். கதிர் பாய்ந்து யார் மாறினார்களோ தெரியாது. எண்ணம் பாய்ந்து இத்தனை பேர் மாறுவதை மட்டும் நாம் கண்ணெதிரே பார்க்கிறோம்.

இதை வெல்ஸ் மறைக்கவும் இல்லை. இது ஒரு எண்ணத்தின் கதை, அது சில புத்திசாலிகளின் மனதில் எப்படி ஆடிப் பாய்ந்தது என்பதே கதை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அந்த எண்ணத்துக்குப் பின்னால் உண்மை இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்பு சொல்வது கதைசொல்லியின் வேலையல்ல என்றும் ஒதுங்கிக்கொள்கிறார். கடைசிப் பக்கம் வரை ஒரு செவ்வாய்க்காரரும் மேடைக்கு வருவதில்லை. அறிவியல் புனைகதை என்று விண்கலத்தையும் சண்டையையும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

சரி, அறிவியலுக்கு வருவோம். கதிர் உண்டு. கதிரால் மரபணு மாறுவதும் உண்டு. குறிபார்த்து மாற்றுவதுதான் இல்லை.

கதிரின் கதையில் நமக்குப் பரிச்சயமான ஒன்று வருகிறது. நம் வீடுகளில் கிரகணத்தன்று கர்ப்பிணிகளை வெளியே விடமாட்டார்கள். என் அக்கா முதல் பிள்ளைக்கு ஏழு மாதமாக இருந்தபோது ஒரு சூரிய கிரகணம் வந்தது. அம்மா ஜன்னல் இடுக்குகளில்கூடத் துணியை அடைத்து, கிரகணம் விடும்வரை அவளைக் கத்தியையோ அரிவாள்மனையையோ தொடவிடாமல் பார்த்துக்கொண்டார். வானத்திலிருந்து ஏதோ இறங்கி வயிற்றுப் பிள்ளையைத் தொட்டுவிடும் என்ற அதே பயம்தான் டேவிஸுக்கும். 1912 ஏப்ரலில் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய இயற்பியலாளர் சூரிய கிரகண நேரத்தில் பலூனில் ஏறிக் காற்றிலுள்ள கதிர்வீச்சை அளந்தார். நிலவு சூரியனை மறைத்தும் அளவு குறையவில்லை. அப்படியானால் கதிர் சூரியனிலிருந்து வரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று 5,000 மீட்டருக்கும் மேலே போனார். மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடியது. விண்வெளியின் ஆழத்திலிருந்துதான் அது வருகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். இதற்கு 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே வெல்ஸின் நாவல். பத்திரிகைகளில் காஸ்மிக் கதிர் என்ற பேச்சு சூடாக இருந்த நேரம் அது. நம் ஹோமி பாபா, வால்டர் ஹைட்லர் என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து காஸ்மிக் கதிர்ப் பொழிவுகளை விளக்கிய புகழ்பெற்ற கட்டுரையும் அதே 1937தான்.

உள்ளங்கையை விரித்து வானத்தைப் பார்த்து வையுங்கள். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதிச் சிதறும்போது பிறக்கும் மியூவான் என்ற துகள்கள், தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்று வீதம் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு நிமிடத்தில் சுமார் நூறு துகள்கள் உங்கள் கையைத் துளைத்துக்கொண்டு போயிருக்கும். கூரையும் அவற்றைத் தடுக்காது, ஜன்னல் துணியும் தடுக்காது. ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 560 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கருவியை வைத்து இந்த மியூவான்களைத்தான் இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கிறது.

இனி மரபணு. 1927இல் அமெரிக்காவின் டெக்சஸில் ஹெர்மன் முல்லர் என்ற மரபியலாளர் பழ ஈக்களை எக்ஸ் கதிர் முன்னால் வைத்தார். அவற்றின் சந்ததியில் திடீர் மாற்றங்கள் ஏறக்குறைய 150 மடங்கு கூடின. மரபுப் பண்பை வெளியிலிருந்து மனிதன் மாற்ற முடியும் என்று அதுவரை யாரும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. ஹெஸ்ஸின் பலூனையும் முல்லரின் ஈக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: வானத்திலிருந்து கதிர் வருகிறது, கதிர் மரபணுவை மாற்றுகிறது. கிளப் பேச்சு இந்த இடத்தில்தான் பிறக்கிறது. அன்றைய படித்த வாசகர் இதைக் கட்டுக்கதை என்று எளிதாகத் தள்ளியிருக்க முடியாது.

ஆனால் அதே முல்லர், 1930இல் மோட்-ஸ்மித் என்பவருடன் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார். இயற்கையாக நம்மைச் சுற்றி இருக்கும் கதிர்வீச்சு, பழ ஈக்களில் தானாக நடக்கும் மாற்றங்களுக்குப் போதுமா? போதவே போதாது என்று விடை வந்தது. பெரும்பாலான மாற்றங்கள் செல்லுக்குள்ளேயே, மரபுப் பொருளைப் படியெடுக்கும்போது நேரும் பிழைகள் என்று இன்று நமக்குத் தெரியும். ஆக, நாவல் வருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே அதன் அடித்தளம் ஆட்டம் கண்டுவிட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் குறிபார்ப்பது. கதிர் எந்த மரபணுவில் படும் என்று யாராலும் சொல்ல முடியாது. முல்லரின் ஈக்களில் விளைந்த மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை கேடாகவே முடிந்தன. ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்துக்குள் கல்லைப் போட்டால் அது திருந்தியா ஓடும்? பல்லாயிரம் முறை போட்டால் ஒருமுறை ஏதாவது நல்லது நடக்கலாம். அந்த ஒன்றை இனங்கண்டு வளர்த்தெடுப்பது இயற்கைத் தேர்வு, அதற்குப் பிடிக்கும் காலம் தலைமுறை தலைமுறையாக நீளும். போதாததற்கு, காஸ்மிக் கதிர்களில் பெரும்பங்கு மின்னேற்றம் கொண்ட புரோட்டான்கள். வழியிலுள்ள காந்தப்புலங்கள் அவற்றை வளைத்து எங்கெங்கோ திருப்பிவிடும். செவ்வாயிலிருந்து லண்டனில் ஒரு தாயின் வயிற்றைக் குறிவைப்பது நடக்கிற காரியமில்லை.

செவ்வாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே கால்வாய்கள் வெட்டி வாழும் மூத்த இனம் ஒன்று இருக்கிறது என்று அமெரிக்க வானியலாளர் பெர்சிவல் லோவெல் எழுதிய புத்தகங்களின் செல்வாக்கு 1937இல் முழுதாக மங்கியிருக்கவில்லை. 1965 ஜூலையில் மாரினர் 4 என்ற அமெரிக்க விண்கலம் அனுப்பிய படங்களில் பள்ளங்கள் மட்டுமே இருந்தன.

இதெல்லாம் வெல்ஸுக்குத் தெரியாமல் போனதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் 1884இல் லண்டன் சவுத் கென்சிங்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் நேரடியாக உயிரியல் படித்தவர். ஹக்ஸ்லியின் பேரன் ஜூலியனோடும் தன் மகனோடும் சேர்ந்து பொதுமக்களுக்காகப் பெரிய உயிரியல் நூல் ஒன்றையும் எழுதி முடித்திருந்தார். அதனால்தான் இந்த நாவலுக்கு ‘ஒரு உயிரியல் ஃபேன்டாசியா’ என்று துணைத்தலைப்பு வைத்தார். ஃபேன்டாசியா இசைச் சொல். கட்டுப்பாடான வடிவத்துக்குள் அடங்காமல், ஒரு கருவை எடுத்துக்கொண்டு மனம்போன போக்கில் விரித்து வாசிப்பது. நம் ஆலாபனைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். வாதத்தை நிரூபிக்க உட்கார்ந்தவர் அப்படிப் பெயர் வைக்கமாட்டார்.

1898இல் வந்த நாவலையும் இதையும் ஒன்றாக வைத்துப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. முதல் நாவலில் செவ்வாய்க்காரர்கள் மூன்று கால் இயந்திரங்களில் வந்து ஊரையே எரிக்கிறார்கள். மனிதனின் பீரங்கியால் ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகள் அவர்களைச் சாய்க்கின்றன. நாற்பது வருடம் கழித்து வந்த நாவலில் கண்ணுக்குத் தெரியாத மரபணு. முதலாவதில் உடம்பு எதிரியைத் தோற்கடிக்கிறது. இரண்டாவதில் அதே உடம்பு எதிரிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. திறந்துவிட்டால் நல்லதுதானே என்றுகூட ஒரு குரல் கேட்கிறது. இளைஞனாக இருந்தபோது எழுதிய பயத்தை எழுபது வயதில் அவரே திருப்பிப் போட்டுப் பார்க்கிறார்.

ஏன் அப்படி ஒரு குரல்? காலத்தைப் பாருங்கள். 1937 ஏப்ரலில் ஸ்பெயினில் குவெர்னிகா நகரத்தின்மீது குண்டு விழுந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்னொரு பெரிய போர் வரும் என்று வெல்ஸ் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த மனிதர்களை வைத்துக்கொண்டு உலகம் பிழைக்காது, மனம் தெளிவான வேறு மாதிரி மனிதர்கள் வந்தால் தேவலை என்ற களைப்புதான் கெப்பலின் நீண்ட பேச்சுகளில் கேட்கிறது. புத்தகத்தை அவர் காணிக்கையாக்கியது நண்பர் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு. அப்போது சர்ச்சில் பதவி ஏதுமின்றி ஒதுங்கியிருந்தார்.

நாவலில் லார்டு தண்டர்கிளாப் என்று ஒரு பத்திரிகை முதலாளி வருகிறார். செவ்வாய் விவகாரம் காதில் விழுந்ததும் அதை ஊதிப் பெரிதாக்கப் பார்க்கிறார். இந்தப் பகுதியைப் படித்துவிட்டு அடுத்த ஆண்டு நடந்ததை நினைக்காமல் இருக்க முடியாது. 1938 அக்டோபர் 30 இரவு, அமெரிக்க வானொலியில் ஆர்சன் வெல்ஸ் என்ற நடிகர் (பெயர்தான் ஒன்று, ஆள் வேறு) அந்த 1898 நாவலைச் செய்தி அறிக்கை போல நாடகமாக்கினார். நாடே அலறி ஓடியது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. அந்த அலறலைப் பத்திரிகைகள் பெரிதும் மிகைப்படுத்தின என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். செவ்வாய்க்காரர்களைப் பற்றிய பயத்தைவிட, மக்கள் பயந்துபோனார்கள் என்ற செய்திதான் வேகமாகவும் தூரமாகவும் போயிருக்கிறது.

எனக்கு இந்தப் புத்தகத்தில் ஒப்பாத இடங்களும் உண்டு, அவற்றை மறைத்து உங்களுக்குச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. டேவிஸின் தேடலுக்கு வெல்ஸ் வைக்கும் பெயர் மகத்தான ‘யூஜெனிக்ஸ்’ ஆராய்ச்சி. மனித இனத்தைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்துவது என்ற அந்தக் கொள்கை அன்று மரியாதையான அறிவாளிகள் சாப்பாட்டு மேசையில் பேசிய விஷயம். வெல்ஸே 1904இல், அந்தக் கொள்கைக்குப் பெயர் வைத்த பிரான்சிஸ் கால்டனின் உரைக்குப் பதில் சொல்லும்போது, தகுதியற்றவர்கள் என்று கருதப்பட்டவர்களுக்குக் கருத்தடை செய்வதே வழி என்ற தொனியில் பேசியவர். நாவல் வந்தபோது ஜெர்மனியில் அது சட்டமாகி, கத்தியும் கையுமாக நடந்துகொண்டிருந்தது. 1940இல் மனித உரிமைகளுக்காக வெல்ஸ் எழுதியதும் போராடியதும் உண்மை. அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம். ஆனாலும் ‘மேலான மனம்’ என்று ஒரு கூட்டத்தைப் பிரித்து, மற்றவர்களைக் கடந்துபோகும் கூட்டமாகக் கெப்பல் பேசும் பக்கங்களை என்னால் நிம்மதியாகப் படிக்க முடியவில்லை. பின்பாதியில் பேச்சும் அதிகம். கதை நின்றுவிட்டு, பிரசங்கம் ஓடும்.

இன்னொரு குறை மேரி. நாவலில் எல்லாரும் அவளைப் பற்றி, அவள் குழந்தையைப் பற்றிப் பேசுகிறார்கள். கருவைச் சுமப்பவள் அவள்; சந்தேகத்தையும் அவள்தான் சுமக்கிறாள். அவளுடைய பார்வையில் ஒரே ஒரு அத்தியாயம் இருந்திருந்தால் இது இன்னும் பெரிய நாவலாகியிருக்கும்.

முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

குழந்தை பிறந்துவிட்டது. டேவிஸ் தன் மகத்தான அணிவகுப்புப் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியைக் கிழித்துப் போடுகிறார். தான் பொய்யாக மெருகேற்றிய வரலாற்றை இனி நம்ப முடியாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மேரியின் பார்வையில் முன்பு அந்நியமாகத் தெரிந்தது இப்போது தன்னுடையதும்தான் என்று உணர்கிறார். யார் செவ்வாயின் பிள்ளை என்று ஊரெல்லாம் தேடியவர், அந்தப் பட்டியலில் தன் பெயரையும் காண்கிறார். இத்தனை நாள் தன்னை அரித்தது தான் கற்ற பொய்களின் மீது தனக்கே எழுந்த சந்தேகம்தான் என்று ஒரு வாசகர் எடுத்துக்கொள்ளலாம். இல்லை, உண்மையிலேயே கதிர் பட்டவர்தான் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் வெல்ஸ் இடம் வைத்திருக்கிறார்.

நம் உயிரின் தொடக்கத்தில் வெளியார் கை இருக்கிறதா என்ற கேள்வியை இதற்குப் பிறகு விஞ்ஞானிகளே எடுத்துப் பேசியிருக்கிறார்கள். டி.என்.ஏ. அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், 1973இல் லெஸ்லி ஆர்கெலுடன் சேர்ந்து, பூமியில் உயிரை வேறொரு நாகரிகம் வேண்டுமென்றே விதைத்திருக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். கொழும்பில் பிறந்த வானியலாளர் சந்திரா விக்ரமசிங்கே, இன்னொரு வானியலாளரான பிரெட் ஹோய்லுடன் சேர்ந்து, உயிரும் சில நோய்களும்கூட விண்ணிலிருந்து வந்தவை என்று பல ஆண்டுகள் வாதிட்டார். பெரும்பாலான உயிரியலாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் டேவிஸைப் போலச் சந்தேகத்தை வளர்க்காமல் கருத்தை வெளிப்படையாக வைத்தார்கள். மற்றவர்கள் சோதித்து மறுக்க முடிந்தது.

படிக்க விரும்பினால் சிரமமில்லை, சிறிய நாவல்தான், இரண்டு மாலைகள் போதும். முதல் ஐந்து அத்தியாயங்களை நிதானமாகப் படியுங்கள். வெல்ஸ் 1946இல் காலமானார், அதனால் இந்தியச் சட்டப்படி 2006 முடிவோடு பதிப்புரிமை தீர்ந்துவிட்டது. தமிழில் கொண்டுவர நினைப்பவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அப்படி மொழிபெயர்ப்பவர் தலைப்பிலேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கும். ‘பிகாட்டன்’ பைபிளில் வரும் சொல். தமிழ் பைபிளில் ‘ஒரேபேறான குமாரன்’ என்று வருகிறதே, அந்தப் ‘பேறு’தான் இது. நான் ‘விண்பேறு’ என்று வைப்பேன். மகப்பேறு என்னும்போது பேறு பிரசவம், பெறற்கரிய பேறு என்னும்போது அதே சொல் பாக்கியம். டேவிஸ் முதல் பக்கத்தில் பயந்ததும் கடைசிப் பக்கத்தில் ஏற்றுக்கொண்டதும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.